பார்க்கக் கிடைக்காத படமும் பார்க்க விடாத படமும்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது தோழர்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு, ஊருக்கு வெளியே உப்பளங்களை ஒட்டிய ஒரு குடியிருப்பில் நாங்கள் வீடு வீடாகச் சேறு அள்ளிக்கொண்டிருந்தோம். உடன் வந்த மாணவர்களிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தோம்: முதலில் காகிதத்தைத் தேடுங்கள். ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல். வெள்ளம் எங்கள் மக்களின் அரிசியை மட்டும் கொண்டுபோவதில்லை. இன்னார் என்று அரசு அலுவலகத்தில் நிரூபிக்க இருக்கிற ஒரே துண்டுத்தாளையும் கொண்டுபோய்விடுகிறது. அதை மறுபடி வாங்க எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படித் தேடும்போது ஒரு வீட்டில், பரணோடு சரிந்து கிடந்த உரச் சாக்குக்குள் பதினோரு சிடிக்களும் நான்கு வீடியோ கேசட்டுகளும் கிடைத்தன. சிடிக்களில் பாதி கல்யாணம், சடங்கு. ஒன்றில் பேனாவால் 'நதியின் மரணம்' என்று எழுதியிருந்தது. கேசட்டுகளில் மூன்று உள்ளே சேறு புகுந்து வீணாகிவிட்டன. நான்காவதைத் திருச்செந்தூர்ப் பக்கம் இன்னமும் விசிஆர் வைத்திருக்கும் ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் கொண்டுபோனோம். அவர் அதைக் காயவிடாமல் கொண்டுவந்ததற்குப் பாராட்டினார். (சேறு பட்ட நாடாவை வெயிலில் காயவைக்காதீர்கள். ஒட்டிக்கொள்ளும். சுத்தமான தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். இதை அன்றுதான் கற்றுக்கொண்டோம்.) பன்னிரண்டு நிமிடப் படம் மீண்டது.

2002-ல் எடுத்தது. தலைப்பு இல்லை, பேச்சு இல்லை, பாட்டு இல்லை. உப்பளத்தில் நடக்கும் கால்கள் மட்டும். வெடித்த குதிகால்கள், விரலிடுக்கில் வெந்த புண், சேலைத் துணி சுற்றிய ஒரு பாதம். ஒரு முகம்கூட இல்லை. நடுவில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் திரை வெள்ளையாகவே இருக்கிறது. எடுத்தவர் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அண்ணன். கல்யாண வீடியோக்காரரிடம் ஒருநாள் இரவல் வாங்கிய கேமரா. இப்போது அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

இனிதான் விஷயம். எங்களோடு சேறு அள்ளிய ஒரு தம்பி சென்னையில் ஒரு பயிலரங்கில் அந்தப் படத்தின் நாற்பது விநாடித் துண்டைக் கைப்பேசியில் யாருக்கோ காட்டியிருக்கிறான். இரண்டு வாரம் கழித்து அவனுக்கு ஒரு அழைப்பு. பதறியடித்து எங்களிடம் ஓடிவந்தான். "அண்ணே, கலெக்டர் பேசுதாராம்!" எங்கள் பக்கத்தில் கலெக்டர் என்றால் மனு வாங்குகிறவர் ஒருவர்தான். விசாரித்தால், இவர் மனு வாங்குகிற கலெக்டர் இல்லை. படம் வாங்குகிற கலெக்டர். யாரும் பார்த்திராத சோதனைமுறைக் குறும்படங்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவர். மரியாதையானவர், நிறையப் படித்தவர், நிறையப் பார்த்தவர். நாற்பது விநாடியில் அந்தக் கால்களைப் பற்றி அவர் சொன்ன நாலு வார்த்தை எங்களுக்கே தோன்றாதது. கேசட்டை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. வேறு பிரதி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அழித்துவிட வேண்டும்.

அந்த நிபந்தனையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யாருக்கும் எளிதில் புரியாத, யாருக்கும் எளிதில் கிடைக்காத குறும்படங்கள் மீது சேகரிப்பாளர்களுக்கு ஏன் இத்தனை மோகம்? கலைக்காக என்பார்கள். கலைக்காக என்றால் பத்துப் பிரதி இருந்தால் என்ன குறைந்துபோகும்? அமெரிக்கக் கலைஞர் மேத்யூ பார்னி 1994-க்கும் 2002-க்கும் இடையில் 'கிரிமாஸ்டர்' என்று ஐந்து படங்கள் எடுத்தார். அவற்றைக் கடையில் டிவிடியாக வாங்க முடியாது. பத்தே பிரதி என்று எண்ணிட்டு, அலங்காரப் பெட்டிக்குள் வைத்து, சிற்பம் விற்பதுபோல் விற்றார்கள். 2007-ல் அதில் ஒரு படத்தின் பிரதி ஏலத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்தத் தட்டை அச்சடிக்க ஆகும் செலவு சில ரூபாய். மீதியெல்லாம் எதற்கான விலை? மற்றவர்கள் பார்க்க முடியாது என்பதற்கான விலை. ரசனை என்பது விருப்பம் மட்டுமல்ல, தன்னை அடுத்தவனிடமிருந்து பிரித்துக் காட்டும் கோடு என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூ 1979-ல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். எம்.ஏ. வகுப்பில் அதை மாங்கு மாங்கென்று படித்தோம். படித்து முடித்ததும் எங்களுக்குள் பேசிக்கொண்டது இதுதான்: இதற்கு எங்கள் ஊர்க் கிணறு போதாதா?

ஒரு பொருளைப் பலர் தொட்டால் அது மதிப்பிழந்துவிடும் என்ற எண்ணம் எங்களுக்குப் பழக்கமான எண்ணம். 1927 மார்ச் 20 அன்று மகத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தபோது குளத்து நீர் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனாலும் குளம் கெட்டுவிட்டது என்று சாணியும் கோமியமும் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். அது பொதுக்குளம். நகராட்சி எல்லாருக்கும் திறந்துவிட்ட குளம். சிலர் மட்டும் குடித்தால்தான் தண்ணீர் உயர்ந்தது என்பதும், ஒருவர் மட்டும் பார்த்தால்தான் படம் உயர்ந்தது என்பதும் ஒரே தறியில் நெய்த துணி.

இந்த இடத்தில் சில தோழர்கள் அவசரப்பட்டு, "புரியாத படமெல்லாம் மேல்சாதிக்காரன் படம், நமக்கெதற்கு?" என்று கேட்பார்கள். நாங்களும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறோம். அது தவறு. வரலாறு அப்படி இல்லை.

நம் தாத்தா பாட்டிகள் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து எம்.ஜி.ஆர். படம் பார்ப்பதற்கு முன்னால் 'நியூஸ் ரீல்' ஓடும். 1948-ல் அரசு தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படங்களை ஒவ்வொரு திரையரங்கும் காட்டியே ஆக வேண்டும் என்பது அன்றைய சட்டம். அதற்குத் தியேட்டர்காரர் வாடகையும் கட்ட வேண்டும். அது ஓடும்போது பீடி பற்றவைக்க வெளியே போனவர்கள் உண்டு. வாயைப் பிளந்து பார்த்தவர்களும் உண்டு. காயல்பட்டினத்தில் திரையரங்கு கிடையாது, மதுக்கடை கிடையாது, அது அந்த ஊரின் பெருமை. எங்கள் பெரியவர்கள் திருச்செந்தூருக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு நள்ளிரவில் உப்பளத்து வரப்பு வழியே திரும்பியிருக்கிறார்கள்.

அந்த பிலிம்ஸ் டிவிஷனில்தான் 1960-களின் பிற்பகுதியில் இன்று சேகரிப்பாளர்கள் 'அபூர்வம்' என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளும் படங்கள் பிறந்தன. பிரமோத் பதி 1968-ல் 'எக்ஸ்ப்ளோரர்' எடுத்தார். ஏழு நிமிடத்தில் சாமி, நடனம், இயந்திரம், எழுத்து எல்லாம் மூளைக்குள் வெடிக்கிற மாதிரியான படம். அதே ஆண்டு 'கிளாக்ஸ்ப்ளோஷன்' எடுத்தார். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்தைக்கூட ஒரு மனிதன் இப்படிப் பைத்தியம்போல் எடுப்பானா என்று தோன்றும். சாஸ்திரி 'ஐ ஆம் 20' எடுத்தார். 1947-ல் பிறந்தவர்களை இருபதாவது வயதில் உட்காரவைத்து நாட்டைப் பற்றிக் கேட்ட படம். மணி கவுல் 1980-ல் 'அரைவல்' எடுத்தார். பம்பாய்க்குப் பிழைக்க வந்து இறங்கும் கூலிகளும், சந்தையில் வந்து இறங்கும் காய்கறியும் ஆடும் அதில் ஒரே வரிசையில் நிற்கும். எல்லாம் மக்கள் வரிப்பணம். மண்ணெண்ணெய்க்கும் தீப்பெட்டிக்கும் நம் பாட்டி கட்டிய வரியும் அதில் உண்டு. தணிக்கை, அரசுப் பிரச்சாரம் என்று அந்த நிறுவனத்தின் மேல் ஆயிரம் குற்றம் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் சோதனைப் படம் என்பது பிறக்கும்போதே பூட்டிய அறைக்குள் பிறக்கவில்லை. பிறகுதான் பூட்டினார்கள்.

அதே காலத்தில் ஓவியர் தையப் மேத்தா 1970-ல் அதே நிறுவனத்துக்காக ஒரு குறும்படம் எடுத்தார். பம்பாய் பாந்த்ராவின் மாட்டுத் தொட்டியில் எடுத்த காட்சிகள் அதில் உண்டு. அதற்கு அவர் வைத்த பெயர் ஒரு தமிழ்ச் சொல்: 'கூடல்'. கால்கள் கட்டப்பட்ட காளை அவரை ஆயுள் முழுக்கத் துரத்திய உருவம். அதே காளையை அவர் வரைந்த ஓவியம் ஒன்று 2025 ஏப்ரலில் 61 கோடியே 80 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனது. நல்ல ஓவியர். அவர்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கள் கேள்வி மாட்டைப் பற்றியது.

2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து இரும்புக் குழாயால் அடித்தார்கள். அடித்தவர்களே அதை வீடியோ எடுத்தார்கள், அவர்களே பரப்பினார்கள். அந்தப் படத்துக்கு எண்ணிட்ட பிரதி கிடையாது. அலங்காரப் பெட்டி கிடையாது. நாட்டில் கைப்பேசி வைத்திருந்த எல்லாரும் பார்த்தார்கள். மாடு திரைச்சீலையில் ஏறினால் கோடி, அந்த மாட்டைத் தொட்டவன் முதுகு இலவசம். நம் உடல் அடிபடும் காட்சி மட்டும் ஏன் எப்போதும் ஏராளமாகக் கிடைக்கிறது, நாம் நின்று பேசும் காட்சி ஏன் எப்போதும் அபூர்வமாகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? உனாவுக்குப் பிறகு சுரேந்திரநகரில் தலித்துகள் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கலெக்டர் அலுவலக வாசலில் இறக்கினார்கள். எங்களைக் கேட்டால் அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த நவீனக் கலை அதுதான். எந்தச் சேகரிப்பாளரும் விலை கேட்கவில்லை.

கலெக்டர் அலுவலகம் என்றதும் நமக்கு வேறொரு வாசல் நினைவுக்கு வரும். திருநெல்வேலி கொக்கிரகுளம். 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டு, சிறையில் அடைக்கப்பட்டிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டு, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுக்காக வந்தவர்களும் மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போனார்கள். போலீஸ் தடியால் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. தண்ணீரில் மூழ்கித்தான் செத்தார்கள் என்று அரசு சொன்னது. யார் அவர்களைத் தண்ணீரில் இறக்கியது என்பதை மட்டும் சொல்லவில்லை.

எங்களில் பெரும்பாலோருக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. அந்த நாளை நாங்கள் தெரிந்துகொண்டது பாடப் புத்தகத்திலிருந்து அல்ல. திருநெல்வேலியின் காஞ்சனை திரைப்பட இயக்கத்தைச் சேர்ந்த ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படத்திலிருந்து. கல்லூரி விடுதியில், கீறல் விழுந்து அடிக்கடி நிற்கும் ஒரு சிடியில், ஒரே கணினியைச் சுற்றி இருபது பேர் நின்று பார்த்தோம். அந்தச் சிடியை யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்று ஒரு வரைபடம் போட்டால் தென்மாவட்டத்து அம்பேத்கர் மன்றங்களின் வரைபடம் கிடைக்கும். காஞ்சனை இயக்கத்தார் உலகத்துச் சோதனைப் படங்களையெல்லாம் திருநெல்வேலிப் பையன்களுக்கும் பெண்களுக்கும் திரையிட்டுக் காட்டியவர்கள். அவர்களிடம் அபூர்வமான படம் வந்தால் அடுத்த வேலை நாற்காலி போடுவது.

'நதியின் மரணம்' இன்று எளிதில் கிடைக்கிறதா? தேடிப் பாருங்கள். கிடைப்பது அரிதாகிவிட்ட இப்படிப்பட்ட படங்கள்தான் நமக்குச் சொந்தமான அபூர்வங்கள். கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதைப் பற்றிப் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமையாவின் குடிசை' 2005-ல் வந்தது. மதுரையில் மலம் அள்ளிய ஒரு பெண்ணின் பின்னாலேயே கேமராவோடு போய் ஆர்.பி.அமுதன் எடுத்த 'பீ' 2003-ல் வந்தது. அந்தப் படத்தின் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்ட சபைகள் உண்டு. 2017-ல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்தைத் திரையிட ஊர் ஊராகத் தடை வந்தது. அவர் அதை யூடியூபில் ஏற்றினார். அந்த ஆண்டு ஜூலையில், எட்டு ஆண்டு பழைய வழக்கு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து அவரைக் கைது செய்தார்கள். பார்னியின் படம் பத்துப் பிரதி என்று எடுத்தவரே முடிவு செய்தார். நம் படம் எத்தனை பேர் பார்க்கலாம் என்பதை இன்ஸ்பெக்டர் முடிவு செய்கிறார். இரண்டும் அபூர்வம். ஒன்றுக்கு விலை உண்டு, மற்றதற்கு வழக்கு உண்டு.

அதோடு முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. இன்று வழக்குப் போட்ட படத்துக்கு நாளை விலை வரும். 1964-ல் நியூயார்க்கில் ஜாக் ஸ்மித்தின் 'ஃபிளேமிங் கிரீச்சர்ஸ்' படத்தைப் போலீஸ் பறிமுதல் செய்தது. திரையிட்ட ஜோனாஸ் மேகாஸ் தண்டிக்கப்பட்டார். இன்று அதே படம் அருங்காட்சியகங்களின் செல்லம். அதே மேகாஸும் தோழர்களும் 1962-ல் திரைப்படக் கலைஞர்கள் கூட்டுறவு ஒன்று தொடங்கியிருந்தார்கள். யார் படம் கொண்டுவந்தாலும் தேர்வு கீர்வு இல்லாமல் ஏற்றுக்கொண்டு, கேட்பவருக்கு வாடகைக்குக் கொடுப்பது அதன் விதி. அவான்கார்டு என்று நாம் மிரளுகிற அந்தக் கூட்டம் முதலில் கட்டியது பெட்டகம் அல்ல, கூட்டுறவுச் சங்கம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்களுக்கு அவர்கள்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

பி.கே.ரோஸியை நினைத்துக்கொள்ளுங்கள். ஜே.சி.டேனியல் எடுத்த 'விகதகுமாரன்', மலையாளத்தின் முதல் படம். புல்லறுத்துப் பிழைத்த புலையர் வகுப்புப் பெண் அதில் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் திரையைக் கல்லால் அடித்தார்கள். அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். அவர் ஊரைவிட்டு ஓடித் தமிழ் மண்ணில் பெயரை மறைத்து வாழ்ந்து முடிந்தார். அவர் நடித்த ஒரே ஒரு ஃபிரேம்கூட இன்று மிஞ்சவில்லை. நீலம் பண்பாட்டு மையம் ஆண்டுதோறும் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. நமக்கு அது ஆறுதல். ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். நாளைக்கு எங்கோ ஒரு பரணில் 'விகதகுமாரன்' சுருள் கிடைத்தால் என்ன விலை போகும்? அன்று அந்தத் திரையின்மேல் கல்லெறிந்த வகுப்பின் பேரன்களும் ஏலத்தில் கை தூக்குவார்கள். நாம் வாசலில் நின்றுகொண்டிருப்போம்.

எல்லாச் சேகரிப்பாளரையும் ஒரே குச்சியால் அடிக்க நாங்கள் வரவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக வைத்த பத்திரிகை! ஒரு பைசா இருந்தால் நீயும் படிக்கலாம் என்று அர்த்தம். பண்டிதர் 1914-ல் மறைந்தபின் அந்த இதழ்கள் எந்தப் பல்கலைக்கழகத்து நூலகத்திலும் பவுசாக இருக்கவில்லை. கோலார் தங்கவயல் முதல் சென்னை வரை பௌத்தக் குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளில் இருந்தன. அன்பு பொன்னோவியம் அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்துக் காத்தார். அவரும் சேகரிப்பாளர்தான். 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட்டது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு அறிவுலகம் அயோத்திதாசரைத் தெரியாது என்று சொல்ல முடியாமல் போனது. ஆற்றின் கரையில் 17 பேரைக் கொன்ற அதே ஆண்டு, அதே கரையில் ஒரு மனிதரின் எழுத்து திரும்பி வந்தது. பொன்னோவியம் தன்னிடமிருந்த பிரதி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் நாங்கள் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

தாமிரபரணிக்கு வேறு வகைச் சேகரிப்பாளர்களும் வந்திருக்கிறார்கள். 1876-ல் ஜெர்மனியிலிருந்து ஜாகோர் வந்தார். ஆதிச்சநல்லூர்ப் பரம்பைத் தோண்டினார். தாழிகளையும் இரும்பையும் பெர்லினுக்குக் கொண்டுபோனார். தோண்டிய கூலிகள் யார், அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? மண்ணுக்கடியில் இருந்தவனுக்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது, மண்வெட்டி பிடித்தவனுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. அதற்கும் முன்னால் முத்து. மார்க்கோ போலோ வியந்து எழுதிய காயல் இந்தக் கரையில்தான் இருந்தது. மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்குகிறவன் ஒருவன், கரையில் உட்கார்ந்து எது அபூர்வம் என்று விலை சொல்கிறவன் வேறொருவன். குளித்தவன் காதில் முத்துக் கிடையாது.

சரி, அந்த நிபந்தனைக்கு வருவோம். மறுமுறை அவர் அழைத்தபோது நாங்கள் கோபமாகத்தான் பேசினோம். "ஐயா, நீங்கள் நினைக்கிற மாதிரி அது கலைச் சோதனை இல்லை. மைக் வாங்கக் காசில்லை, அதனால் சத்தம் இல்லை. கேமரா பிடிக்கத் தெரியவில்லை, அதனால் வெள்ளை. வறுமையை நீங்கள் பாணி என்று வாங்கப் பார்க்கிறீர்கள்" என்று ஒரு பாட்டம் பொழிந்தோம். பேசி முடித்தபோது எங்களுக்கே கைதட்டிக்கொள்ளத் தோன்றியது.

பிறகு படம் எடுத்த அண்ணனிடம் போய் இதைப் பெருமையாகச் சொன்னோம். அவர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். சிரிக்கவில்லை.

"மைக் இல்லங்கது நெசந்தான் தம்பி. மத்ததெல்லாம் யாரு ஒங்ககிட்ட சொன்னா? காலை மட்டும் எடுத்தது நான் வேணும்னு எடுத்தது. மூஞ்சியக் காட்டிருந்தா மறுநாளு அந்தப் பொம்பளைகளுக்கு வேலை கெடையாது. பொறவு, மூஞ்சிய எல்லாவனும் பாத்திருக்கான், காலை எவன் பாத்திருக்கான்? அந்த வெள்ளையும் நாந்தான் வச்சேன். உச்சி வெயில்ல உப்பப் பாத்துட்டு நின்னா கண்ணு அப்பிடித்தான் அவிஞ்சுபோவும். ஒண்ணரை நிமிசம் பாக்கவே ஒங்களுக்குக் கஷ்டமா இருக்குல்லா. அவளுவ முப்பது வருசமாப் பாக்காளுவ."

எங்களுக்கு வாயடைத்துப்போனது. அவர் எடுத்தது சோதனைப் படம்தான். தெரிந்தே எடுத்த சோதனைப் படம். அதைக் கண்டுகொண்டவர் நாங்கள் திட்டித் தீர்த்த சேகரிப்பாளர். கண்டுகொள்ளாதவர்கள் சமூகவியல் படித்த நாங்கள். தலித் ஒருவன் கேமராவைத் தொட்டால் அது சாட்சியமாக மட்டும்தான் இருக்க வேண்டும், அழகியல் எல்லாம் அவனுக்குத் தற்செயலாக நேர்வது என்று எங்களுக்குள்ளும் ஒரு சாதி இந்து உட்கார்ந்திருந்தான். 2020-ல் ராஜேஷ் ராஜாமணி எடுத்து நீலம் தயாரித்த 'தி டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் தி சவர்ணாஸ்' குறும்படத்தைப் பாருங்கள். 'தலித் மாதிரி இருக்கும்' நடிகரைத் தேடி அலையும் மூன்று முற்போக்குச் சவர்ணர்களைப் பற்றிய படம். லூயி புனுவேலின் படத் தலைப்பை எடுத்து அவர்கள் பக்கமே திருப்பிவிட்ட குறும்பு அது. யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நாங்கள் எத்தனை முறை சிரித்திருக்கிறோம்! அந்த அண்ணன் முன்னால் நின்றபோது நாங்களும் அந்தப் படத்துக்குள்தான் நின்றுகொண்டிருந்தோம்.

ஆகவே எங்கள் வாதத்தைத் திருத்திச் சொல்கிறோம். புரியாமல் இருப்பது குற்றமல்ல. புதிதாக எடுப்பது நமக்கு அந்நியமும் அல்ல. முகத்தை மறைக்க ஒருவனுக்கு நியாயமான காரணம் இருந்தால் அந்த மறைவும் அவன் உரிமை. அந்தக் கேசட்டை யூடியூபில் ஏற்றலாமா என்று கேட்டபோது அண்ணன் சொன்ன பதில் அதைத்தான் சொன்னது: "மொதல்ல கால் யாருதோ அவுக பாக்கட்டும்." பூட்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நம் பெண்கள் தங்கள் வேலைக்காக முகத்தை மறைப்பதும், எவரோ தன் அலமாரியின் மதிப்புக்காகப் படத்தையே மறைப்பதும் ஒன்றல்ல.

சேகரிப்பாளருக்கு இன்னொரு முறை பேசினோம், இந்த முறை ஒழுங்காக. பாணியைப் பற்றி அவர் சொன்னது சரி, நாங்கள் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டோம். படத்தின் பிரதி வேண்டுமானால் தருகிறோம், எடுத்தவருக்கு உரிய தொகையைக் கொடுங்கள், மற்றப் பிரதிகளை அழிக்க மாட்டோம் என்றோம். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பிறகு அழைக்கவில்லை. பிரதி இருக்கிறது என்று தெரிந்தபின் அதே பன்னிரண்டு நிமிடத்தில் எந்த நிமிடம் மட்டமாகிவிட்டது என்று அவரிடம் கேட்க ஆசை.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு அவசரம் இருக்கிறது. 1990-களிலும் 2000-களிலும் நம் ஊர்களில் எடுத்த கூட்டங்கள், ஊர்வலங்கள், உண்மையறியும் குழு வந்த நாட்கள், பறை அடித்த சாவுகள், இவையெல்லாம் விஎச்எஸ்ஸிலும் மினி டிவியிலும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. நாடாவின் பூச்சு உதிர்கிறது. அதை ஓட்டும் கருவி கடையில் இல்லை. சிடியில் பூஞ்சை பிடிக்கிறது. பழைய சினிமாச் சுருள்களைச் சுரண்டி வெள்ளி எடுத்து விற்ற நாடு இது. நம் கேசட்டில் சுரண்டி எடுக்க வெள்ளியும் கிடையாது, குப்பைக்குத்தான் போகும். பிலிம்ஸ் டிவிஷனையும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தையும் 2022-ல் என்எப்டிசி-யோடு இணைத்துவிட்டார்கள். மக்கள் பணத்தில் எடுத்த படங்களே இனி யார் பொறுப்பில், எந்த விலையில் என்று நாம் கேட்க வேண்டிய நேரத்தில், உரச் சாக்கில் கிடக்கும் படத்தை அரசு வந்து காக்கும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. மாஞ்சோலையில் 2024-ல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை மலையிலிருந்து இறக்கத் தொடங்கினார்கள். இறங்கும் வீடுகளின் பரண்களில் என்னென்ன இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு அந்தக் குடியிருப்பில் வேட்டியைக் கட்டித் திரையாக்கி அந்தப் படத்தைப் போட்டோம். குழந்தைகள் முதல் இரண்டு நிமிடம் "எப்ப படம் ஆரம்பிக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது நிமிடத்தில், சேலைத் துணி சுற்றிய அந்தப் பாதம் வந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்து நின்றார். "நிறுத்து, நிறுத்து, அது எங்கம்மை காலு" என்றார். அந்த அம்மா செத்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் உயிரோடு இருந்தபோது எடுத்த ஒரு போட்டோ வீட்டில் இருந்ததாம், 2023 வெள்ளத்தில் போய்விட்டதாம். அந்த இடத்தை மட்டும் நான்கு முறை போட்டுக் காட்டினோம். வெள்ளைத் திரை வந்தபோது யாரும் பேசவில்லை. ஒரு பாட்டி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிரவே ஆறு பேர் மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட்டம் கலைந்தபின் யூடியூபில் ஏற்றலாமா என்று அந்தப் பெண்களிடம் கேட்டோம். இப்போது வேண்டாம் என்றார்கள், உப்பளத்தில் இன்னும் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். ஆகவே இங்கே சுட்டி கொடுக்கவில்லை. பார்க்க விரும்பும் மாணவர் குழுக்கள் சொன்னால் நாங்களும் அந்த அண்ணனும் படத்தோடு வருகிறோம். ஆட்டோவுக்கு டீசல் மட்டும் போட்டுவிடுங்கள். யாரிடமாவது ஓடுகிற விசிஆர் இருந்தால், மினி டிவி கேமரா இருந்தால், விற்றுவிடாமல் எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள். அடுத்ததாக ஆறுமுகநேரிப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஏழு கேசட்டுகள் இருக்கின்றன.